சின்னவள் ஏறிய லிஃப்ட்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் பெண்கள் ஒருநாள் சேருவார்கள் என்று நான் அன்றே சொன்னேன், நடந்துவிட்டது. பெரியவள் வேலை செய்யும் இடத்தில் படியில் வழுக்கி விழுந்தாள். தலையில் சின்ன அடிதான். நான் லிஃப்ட் ஓட்டும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். என்னைக் கேட்காமல் இங்கே எந்த டாக்டரும் மேலே போக முடியாது.

தன் கல்யாணத்துக்கு வராத அக்காவோடு ஆறு வருஷம் பேசாத சின்னவள், நேற்று என் லிஃப்டில் ஏறினாள்.

"மாமா, என்னைப் பாத்தா அக்கா மூஞ்சியத் திருப்பிக்குவாளா?"

நாலாவது மாடியில் லிஃப்டை நிறுத்திவிட்டு, அவளைப் பெரியவள் கட்டில்வரை நானே கூட்டிப் போனேன். பெரியவள் கண் திறந்து, "வந்துட்டியாடி கழுதை" என்றாள். சின்னவள் பிடித்த கையை இன்னும் விடவில்லை.

எனக்கு இரண்டு பனியன் வாங்கி வா. ஆமாம் அக்கா, நீ உடனே கிளம்பி வா. லிஃப்ட் மணி அடிக்கிறது. சின்னவள் கையை விடாதது சத்தியம். பெரியவள் கண் திறந்தது மட்டும் நானாகச் சேர்த்தது.