நாளைக் காலை வரை

யோகா,

சொதி வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடு.

மருந்து கேட்டிருக்கிறதா என்று பார்க்கத் திருநெல்வேலியில் இன்று மறுபடியும் ஸ்கேன். ஊசியில் கதிர்வீச்சுள்ள மருந்து ஏற்றுவார்கள். “பிள்ளைத்தாச்சி பக்கத்துல இன்னைக்குப் போயிராதீய அண்ணாச்சி” என்று நர்ஸ் காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள். அதனால் ராத்திரி குற்றாலத்தில் உன் சித்தப்பா வீட்டில் தங்குகிறேன். கோபம் என்று நினைத்துவிடாதே அம்மா. நீ விரும்பியவனைக் கட்டியதற்காக மூன்று வருடம் உனக்குக் கதவை அடைத்தவன் நான். நீ திரும்பி வரும் இன்றைக்காவது வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

நாளைக் காலை வந்துவிடுவேன். மாப்பிள்ளையையும் இருக்கச் சொல்.

அப்பா

பி.கு.: போன தடவை எடுத்த படத்தில் புற்று எலும்புவரை பரவியிருந்தது. “பேரப்பிள்ளை பிறக்க நாலு மாசம் இருக்கு, பாத்துருவேனா?” என்று கேட்டேன். டாக்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.