அம்மனுக்கு வைத்த முதல் பாட்டு

அன்பு மகளே,

மாரியம்மன் துணை. முதல் காயையும் முதல் சம்பளத்தையும் அம்மனுக்கு வைப்பது போலத்தான் நீயே பாடி அனுப்பிய முதல் பாட்டையும் வைத்தேன். நான் கேட்டுப்பார்க்காமலேயே வெள்ளிக்கிழமைப் பூசையில் ஒலிபெருக்கியில் போடச் சொல்லிவிட்டேன்.

டும்டும் என்று தொடங்கியதும், பக்கத்து வீட்டு சிவகாமசுந்தரி அக்கா, "என்னடி, ஒம் மக பாட்டுல தேயிலை மெசின் ஓடுது?" என்று சிரித்தார். பிறகு உன் குரல் வந்தது. "பெரியவளாகப் பயமாயிருக்கு, யாரிடம் சொல்வேன்" என்று நீ பாடியது லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது. எனக்குத் தலை நிமிரவில்லை.

அக்காவின் மகள் கௌசி அடுத்த வாரம் கொழும்புக்கு வேலைக்குப் போக இருந்தாள். வீட்டில் வாயே திறக்காத பிள்ளை. "எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு" என்று அங்கேயே அழுதுவிட்டாள். "அப்ப இப்ப போக வேணாம் புள்ள" என்று அக்கா அவளைக் கட்டிக்கொண்டார்.

போனில் நீ எப்போதும் "நல்லா இருக்கேம்மா" என்பாய். நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். பாட்டிலாவது சொன்னாயே, அதற்கு உனக்கும் அம்மனுக்கும் நன்றி.

உன்னிடம் வர பஸ் செலவை வீட்டுக் கணக்கில் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் அறையில் எனக்கு ஒரு பாய் விரிக்க இடமிருந்தால் போதும்.

உன் அம்மா