ஆடு தின்ற முளைப்பாரி

டீச்சர்,

இன்று காலை உள்ளறைக் கதவைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. நனைந்த எருவும் முளைவிட்ட பயறும் சேர்ந்த வாடை. சன்னலைச் சாக்கால் மூடி, இருட்டில் வைத்து, ஏழு நாளாகத் தண்ணீர் தெளித்து வருகிறேன். சோளமும் தட்டாம்பயறும் ஒரு சாண் உயரத்துக்கு வெளிர் மஞ்சளாக எழுந்து நிற்கின்றன. பங்குனிப் பொங்கலுக்கு இன்னும் இரண்டே நாள். நீங்கள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனபிறகு நான் முளைப்பாரி போடுவது இதுதான் முதல் தடவை. இத்தனை வருசமும் கேட்டவர்களிடமெல்லாம் இடுப்பு வலி என்று சொல்லிவந்தேன். இடுப்புக்கு ஒன்றுமில்லை.

உங்களைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்தோமா, போனோமா என்று இருக்கக் கூடாதா? ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் கிரேக்க தேசத்துச் சாமிக் கதையை நாடகமாகப் போடப் போகிறார்கள் என்று வந்து நின்றீர்கள். பக்கத்து நாற்காலியில் வரலாற்றுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். "டீச்சர், இதுகளுக்கு நரிக்குடி பஸ்ஸு எப்ப வரும்னே தெரியாது. கிரேக்கமா?"

"மழை இல்லேன்னா என்ன ஆகும்னு இதுகளுக்குத் தெரியுமா, தெரியாதா? அப்ப இந்தக் கதையும் தெரியும்" என்றீர்கள்.

தானியத்தை விளைய வைக்கும் தெமீட்டர் என்ற ஆத்தாளின் கதை அது. அவள் மகள் பெர்செபோனி பூப்பறிக்கப் போன இடத்தில் பாதாள ராசா தேரோடு வந்து தூக்கிப் போய்விடுகிறான். தேடி அலைந்த ஆத்தா, இனி ஒரு விதையும் முளைக்கக் கூடாது என்று நிறுத்திவிடுகிறாள். கடைசியில் மகள் திரும்பி வருகிறாள். ஆனால் கீழே இருந்தபோது மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டதால், வருசத்தில் சில மாதம் அங்கே போய்த்தான் ஆகவேண்டும். பெர்செபோனி என்ற பெயர் வாயில் நுழையாமல் பிள்ளைகள் அவளைப் பொன்னி ஆக்கினார்கள். நீங்கள் திருத்தவே இல்லை.

நாலு குழுவாகப் பிரித்து குழுவுக்கொரு காட்சி கொடுத்தீர்கள். இந்தக் கதை நம் ஊரில் நடந்தால் எப்படி இருக்கும் என்று அவர்களே பேசி முடிவு செய்யவேண்டும், நீங்கள் வாய் திறக்கமாட்டீர்கள் என்பது நிபந்தனை. மகளைத் தேடும் ஆத்தாளுக்கு முதல் குழு ஒப்பாரி கட்டியது. பாதாளத்துக்கு இரண்டாவது குழு கருவேலங்கரியை அரைத்துச் சாக்குகளில் பூசிவிட்டு, மூன்று நாள் கரிமூஞ்சியோடு திரிந்தது. மூன்றாவது குழுவுக்குச் சூரியன். மகளைத் தூக்கிப் போனதை மேலேயிருந்து பார்த்தவன் அவன்தான். சூரியனாக நின்ற பிள்ளை ஒத்திகையின் நடுவே, மஞ்சள் பூசிய அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி உங்களைக் கேட்டாள்.

"டீச்சர், இவரு எல்லாத்தையும் பாத்தாருல்ல? ஆத்தா இத்தன நாளு அலையுறாக. ஏன் வாயத் தொறக்கல?"

"யாரும் கேக்கலடி. கேட்டப்புறந்தான் சொன்னாரு."

"இதெல்லாம் ஒரு சாமியா?" என்றாள் அவள். நானும் உங்களோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

நாலாவது குழுதான் மாட்டிக்கொண்டது. மகள் மேலே வந்ததும் மண் பச்சையாக வேண்டும். மாசி மாதத்தில் நம் பக்கம் பச்சைக்கு எங்கே போவது? காய்ந்த கருவேலமுள்தான் கிடைக்கும். யாரும் கேட்காமலே நான் மூக்கை நுழைத்தேன். "முளைப்பாரி போடுவோம்."

"அது கோயிலுக்குப் போடுறதாச்சே டீச்சர். இங்க போடலாமா?" நீங்கள் கேட்டீர்கள். நெசவுக்காரத் தெருவில் தெலுங்கு பேசி வளர்ந்த உங்களுக்கு முளைப்பாரி தெரியும், இந்த ஊரின் கட்டுத்திட்டம் தெரியாது. அதனால்தான் கேட்டீர்கள்.

"நான் இந்த ஊர் மருமக. எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல போட்டா ஒண்ணும் ஆகாது" என்றேன்.

எனக்குத் தெரியும், டீச்சர். அம்மனுக்குக் காப்புக் கட்டுமுன் இந்த ஊரில் யாரும் சட்டியில் விதை போடமாட்டார்கள். வளர்ந்த முளைப்பாரி தண்ணீரில்தான் கரையவேண்டும், ஒரு முளைகூட யார் காலிலும் யார் வாயிலும் படக்கூடாது. இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். நாடகம் நன்றாக வரவேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

விழா அன்று ஒப்பாரிக் காட்சியில் தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஒன்பது சட்டி முளைப்பாரியோடு பொன்னி மேடை ஏறியதும் கூட்டத்திலிருந்த பெண்கள் தங்களை மறந்து குலவை போட்டார்கள். நீங்கள் என் கையை இறுக்கிப் பிடித்ததில் நகம் பதிந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோசத்தை உங்கள் முகத்தில் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து பந்தல் பிரிக்கும்போதும் கேட்டீர்கள். "இந்தச் சட்டியெல்லாம் என்ன செய்யணும் டீச்சர்? தண்ணியில விடணுமோ?" கண்மாய் வறண்டு கிடந்தது. கிணறு வரை நடக்கவேண்டும். எனக்குக் கால் கடுத்தது. "காலையில பாத்துக்கிடலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீங்க கிளம்புங்க" என்று வராந்தாவிலேயே வைக்கச் சொன்னேன்.

காலையில் வந்து பார்த்தால், இடிந்த சுவர் வழியாக ஆடுகள் புகுந்து ஒன்பது சட்டியையும் மொட்டையடித்திருந்தன. பிரேயர் முடிவதற்குள் தலைமை ஆசிரியர் அறையில் ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றது என் வீட்டுக்காரரின் அக்கா, வேலுத்தாய் மதினி.

"காப்புக் கட்டாமப் போட்டதே தப்பு. அத ஆட்டுக்கு வேற விட்டிருக்காக. மழைதண்ணி எப்படிப் பெய்யும்? டவுனு டீச்சருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

அவர்களாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. நீங்கள் திரும்பினீர்கள், ஒரே ஒரு தடவை. பிறகு கை கூப்பினீர்கள். "தெரியாமச் செஞ்சிட்டேன். மன்னிச்சிருங்க."

எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். ரேஷன் கடையில், பஞ்சாயத்துக் கூட்டத்தில், எங்கும் விடமாட்டேன். அன்று மட்டும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில், "நான் சொல்லியிருக்கணும்" என்று இழுத்தேன். நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். "விடுங்க டீச்சர். நீங்க இந்த ஊர்ல குடும்பம் நடத்தணும். நான் பஸ்ஸேறிப் போறவ" என்றீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

அந்தச் சித்திரையில் கோடை மழை ஏமாற்றியது. முளைப்பாரியை ஆட்டுக்குப் போட்ட டீச்சர் என்று நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே காதுபடப் பேசினார்கள். அடுத்த மாறுதலில் நீங்களே எழுதிக் கொடுத்து மாவட்டத்தின் அந்தக் கோடிக்குப் போனீர்கள். மூன்று பஸ் மாறவேண்டும். போனில் முதலில் வாரம் ஒருமுறை பேசினோம், பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். உடம்பு சரியில்லை என்பதைக்கூட நீங்கள் சொல்லவில்லை. ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் உங்கள் போட்டோவைப் பூமாலையோடு பார்த்தேன்.

அருப்புக்கோட்டைக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "உங்களப் பத்திதான் பேசிக்கிட்டே இருப்பா. அந்த டீச்சர் கூட இருந்ததாலதான் அந்த ஊர்ல நாள ஓட்டுனேன்னு சொல்லுவா" என்றார். அந்த மனிதரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உடனே அந்த மஞ்சள் அட்டைப் பிள்ளையின் குரல் கேட்டது. இதெல்லாம் ஒரு சாமியா?

இன்று காலை, நான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது வேலுத்தாய் மதினி வந்தார்கள். சாக்கை விலக்கிப் பார்த்து, "ஏத்தா, நல்லா வந்திருக்கே" என்றார்கள். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னேன்.

"மதினி, அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல முளைப்பாரி போடச் சொன்னது நான்தான். கரைக்காம வராந்தாவுல விட்டதும் நான்தான். அந்த டீச்சர் மேல ஒரு குத்தமும் இல்ல."

மதினி ஒரு முளையை விரலால் நிமிர்த்திவிட்டு யோசித்தார்கள். "எந்த டீச்சரு?"

சொன்னேன். ஆடு, சட்டி, தலைமை ஆசிரியர் அறை எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடியாத்தி, அதயா இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கே? பாவம், நல்ல டீச்சரு. நானும் அன்னைக்குக் கொஞ்சம் கூடப் பேசிட்டேன்." சாக்கைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு வாசல்வரை போனவர்கள் திரும்பி நின்றார்கள். "அவுக இப்ப நல்லா இருக்காகளா?"

கடைசியில் ஒருத்தர் கேட்டுவிட்டார்கள், டீச்சர். கேட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த வருசம் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது. நாளை மறுநாள் சட்டியைத் தலையில் வைத்து, ஒரு முளைகூடக் கீழே விழாமல் கண்மாய்வரை நடப்பேன். அன்று சாயங்காலம் கிணறு வரை நடந்திருந்தால் போதும்.