பத்து முதல் நான்கு வரை

பிப்ரவரி 3
சுற்றுலாத் துறை அலுவலகத்தில் மூன்று மணி நேரம் காக்க வைத்தார்கள். கிராமப் பண்பாட்டுச் சுற்றுலாவுக்கு எங்கள் ஊர் இறுதிப் பட்டியலில் இருக்கிறதாம். இருபதாம் தேதி தேர்வுக் குழு நேரில் வருகிறது. "வெறும் கட்டடம் பத்தாது செயலாளரே. ஆளு குடியிருக்கிற பழைய வீடு வேணும். பத்துல இருந்து நாலு வரைக்கும் கதவு தெறந்திருக்கணும்," என்றார் அதிகாரி. ஊரில் அப்படி இருப்பது என் அக்கா வீடு ஒன்றுதான்.

பிப்ரவரி 4
"உனக்கில்லாத வீடாடா?" என்றாள் அக்கா. அவ்வளவுதான், முடிந்தது.
மாமா பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம். அன்றைக்கு ஆம்புலன்ஸ் ஊர்த் திருப்பத்தோடு நின்றுவிட்டது. கட்டிலோடு அவரைத் தூக்கி நடந்த நாலு பேரில் நான் ஒருவன். ஊர் தேர்வானால் தார்ச்சாலை வரும். அதற்காகத்தான் இந்த ஊர்க்குழுவில் செயலாளராக இருந்து நாய் படாத பாடு படுகிறேன்.

பிப்ரவரி 12
ஊர்க்குழுத் தலைவர் வெள்ளையடி என்கிறார். அதிகாரி பழசாகவே இருக்கட்டும் என்கிறார். நடுவில் என் தலை உருள்கிறது.
அக்காவின் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒளித்து வைத்தாயிற்று. மாமாவைப் பின்னறைக்கு மாற்றினோம். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வேலை இருந்தது, விலக்கிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 20
எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.
பதினொன்றே காலுக்கு மாமா போய்விட்டார். தேர்வுக் குழு திருப்பத்தில் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தது. அக்கா அலற வாயைத் திறந்தாள் — நான் பொத்தினேன். இந்தக் கையால். "நாலு மணி வரைக்கும் பொறுத்துக்கக்கா. ரோடு வந்துரும்க்கா."
என்னையே பார்த்தாள். முகம் கழுவினாள். பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் போய் நின்றாள்.
"வீட்டுக்காரர் எங்கே?" என்று குழுவில் வந்த அம்மாள் கேட்டார். "தூங்குறாருங்க." சொன்னது அக்கா இல்லை, நான்.
"வீடு நல்லா உயிரோட்டமா இருக்கு," என்று அக்காவைப் படம் எடுத்துக்கொண்டார்.
அவர்கள் போன பிறகுதான் அக்கா அழுதாள். அடப்பாவி, அஞ்சு மணி நேரம்டா! நீ மனுசனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 21
மாமாவை எடுத்தோம். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

மே 9
தேர்வாகிவிட்டோம். தலைவருக்கு மாலை போட்டார்கள். ஆணையில் வரவேற்புப் பலகை, வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. சாலை மட்டும் "அடுத்த கட்டத்தில்".
துறை அச்சடித்த கையேட்டின் அட்டையில் அக்கா நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் அந்தச் சாத்திய கதவு.

ஜூன் 2
அக்கா சொன்ன சொல் தவறவில்லை. பத்துக்குத் திறக்கிறாள், நாலுக்குச் சாத்துகிறாள். யார் வந்தாலும் உள்ளே விடுகிறாளாம். துணிந்து இன்று போனேன்.
"அக்கா," என்றேன்.
எழுந்து நின்றாள். வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
"வாங்க. பேரு, ஊரு எழுதிட்டுச் சுத்திப் பாருங்க. நாலு மணிக்குச் சாத்திருவோம்."
விவரம் தெரிந்த நாளாய் என்னை 'வாடா' என்று மட்டுமே கூப்பிட்டவள்.
பேரும் ஊரும் எழுதினேன். மணி மூன்றே முக்கால். கால் மணி நேரம் பின்னறையில் வெறுங்கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலுக்கு வெளியே வந்தேன். அக்கா கதவைச் சாத்தினாள்.