கூடுதலாக வந்த ஒரு பெட்டி

நெருப்பெரிச்சல் ஊரில் உள்ள கம்பெனி குடோனில் பழைய கம்ப்யூட்டர் சாமான்களை எடைக்குப் போடுவதற்காக நேற்று பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு சாக்கு நிறையக் கீபோர்டுகள். எல்லாவற்றிலும் எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. ஒன்றில் மட்டும் எழுத்துகள் புதுசாக இருக்க, ஸ்பேஸ் பார் தேய்ந்து பளபளத்தது. அது யாருடையது என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. நம் கம்பெனியில் கம்ப்யூட்டரை வாசிப்பதற்காக வைத்திருந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

‘நீங்கள்’ என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உயிரோடு இருந்தபோதே அது உங்களுக்குப் பிடிக்காது. “ஒரே வயசு, ஒரே கடையில டீ. அப்புறம் என்ன வே, நீங்க நாங்கன்னுட்டு?” என்பீர்கள். நான் திருப்பூர்க்காரன். நாய்க்குட்டியைக்கூட “அந்தப் பக்கம் போங்க” என்று விரட்டுகிற ஊரில் வளர்ந்தவன். நீங்கள் தூத்துக்குடிச் சீமையில் நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவர். ‘வே’ போடாமல் உங்களுக்கு வாய் திறக்காது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் நம் பனியன் கம்பெனிக்கு ஆர்டர்கள் வந்து குவிந்தன. நான் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்த்தேன். நீங்கள் சிஸ்டம் பார்த்தீர்கள். பேக்கிங் ஹாலில் ஒவ்வொரு அட்டைப்பெட்டியையும் ஸ்கேன் செய்தால், அதன் எண் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு வரியாகப் போய் உட்காரும். சரக்கு கிளம்பும்போது அந்த ஃபைலைச் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு அனுப்ப வேண்டும். அவர்களுடைய கம்ப்யூட்டர் சரி என்று சொன்னால்தான் கன்டெய்னர் நம் கேட்டைத் தாண்டும்.

முதலாளிக்கு அந்த ஃபைலை மொத்தமாகத் திரையில் ஓடவிடுவது பிடிக்கும். விருந்தாளிகளைக் கூட்டிவந்து, “பாருங்க, எப்படி ஓடுதுன்னு” என்று காட்டுவார். வரிகள் எல்லாம் மேலே பறந்து மறைந்த பிறகு கடைசி வரிகள் மட்டும் திரையில் நிற்கும். அவற்றைப் பார்த்துவிட்டு எல்லோரும் தலையாட்டுவோம். ஒரு நிறுவனத்தை நடத்த அவ்வளவு வாசிப்பு போதும் என்பது அன்றைய பொதுக்கருத்து.

நீங்கள் மட்டும் அதே ஃபைலை ‘லெஸ்’ என்ற கட்டளை போட்டுத் திறப்பீர்கள். அது ஒரு திரை அளவுக்குக் காட்டிவிட்டு நின்றுகொள்ளும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த திரை. பி எழுத்தைத் தட்டினால் முந்தைய திரை. தட்டாவிட்டால் யுகம் முடியும்வரை அப்படியே நிற்கும். அதன் பெயரை முதல்முறை கேட்டபோது முதலாளி பதறிப்போனார். “லெஸ்ஸுங்களா? என்னையக் கேக்காம யாருக்குங்க லெஸ் குடுக்கறீங்க?” பனியன் வியாபாரத்தில் அந்தச் சொல்லுக்கு விலை குறைப்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது.

ஒரு தீபாவளிக்கு முந்தைய கடைசி வேலைநாளில் அந்தக் கட்டளைக்கு வேலை வந்தது. பேக்கிங் ஹாலில் இருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்தவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவர்கள். சாயங்கால பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து, பைகளைக் கட்டி, காலையிலேயே ஹாலின் மூலையில் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த செல்வி, பைகளை ஒழுங்கு செய்வதற்கே தனியாக ஒரு ஆளைப் போட்டிருந்தாள். கன்டெய்னரில் சரக்கு ஏற்றி முடிந்தது. ஃபைல் போனது. பையரின் கம்ப்யூட்டர் அதை அப்படியே திருப்பி அனுப்பியது. இன்வாய்ஸில் உள்ளதைவிட ஃபைலில் ஒரு பெட்டி அதிகம்.

முதலாளி உடனே முடிவெடுத்தார். முடிவெடுப்பதில் அவருக்கு எப்போதும் தாமதம் கிடையாது. காரணம் மட்டும்தான் சற்றுப் பின்னால் வரும். “கன்டெய்னரத் தொறந்து எல்லாப் பெட்டியையும் எறக்குங்க. மறுக்கா ஸ்கேன் பண்ணி ஏத்துங்க. ஹால்ல ஒருத்தரும் ஊட்டுக்குப் போகக் கூடாதுங்க.”

“முதலாளி, எறக்கி ஏத்த நாளைக்கு மதியம் ஆயிரும். பஸ்ஸு சாயங்காலம்” என்றாள் செல்வி.

“பஸ்ஸு அடுத்த வாரமும் இருக்குமுங்க.”

“தீபாவளி இருக்காதுல்லா?”

முதலாளி உங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் ஏற்கெனவே ஃபைலைத் திறந்திருந்தீர்கள். “ரெண்டு தடவ ஸ்கேன் ஆன பெட்டி ஒண்ணும் இல்ல. பாத்துட்டேன். என்ன தப்புன்னு தெரிஞ்சாத் தேடலாம். தெரியாத தப்ப வாசிச்சுத்தான் ஆவணும். சாப்பாட்டு நேரம் முடியட்டும் முதலாளி. அது வரைக்கும் கன்டெய்னரத் தொடாதீங்க.”

ஏ.சி. போட்ட அந்தச் சின்ன அறைக்குள் முதலாளி, நான், செல்வி, செல்விக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற வரிசை. எல்லோர் செருப்பும் வாசலுக்கு வெளியே. கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள். நீங்கள் ஒரு தட்டு தட்டுவீர்கள். கண் மேலிருந்து கீழே இறங்கும். மறுபடி ஒரு தட்டு. எல்லா வரிகளும் ஒரே நீளம், ஒரே சாயல். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். முதலாளி நின்ற இடத்திலேயே நடந்தார்.

“கொஞ்சம் வேகமாத் தள்ளுங்க தம்பி.”

“வேகமாத் தள்ளித்தான் முதலாளி இம்புட்டு நாளும் பாத்திய.”

உங்கள் கை வேகம் கூட்டவில்லை. அவர் குரல் ஏற ஏற, நீங்கள் திரைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போனீர்கள். அவ்வளவுதான். சாப்பாட்டு நேரம் முடியும் சங்கு ஒலித்தது. “சரி, எறக்குங்க!” என்று முதலாளி வாசல் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் நீங்கள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தீர்கள்.

எண்களுக்கு நடுவே, ஒரு பெட்டிக்குரிய வரியில், ஆங்கில எழுத்தில் நின்றது: முருகன் துணை.

முதலாளி வாய்விட்டு வாசித்தார். வாசித்த வாய் மூடுவதற்குள் அவர் கை தன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நாங்களும் போட்டுக்கொண்டோம். செருப்பைக் கழற்றிவிட்டே வந்திருந்ததால் வேறு ஏற்பாடு தேவைப்படவில்லை.

“யாருடா இதுல…” என்று தொடங்கிய முதலாளி, பாதியில் நிறுத்தினார். முகம் மாறியது. “நாந்தானுங்க” என்றார். விஜயதசமியன்று புது ஸ்கேனர் வந்தது. அவர் கையால் தொடங்கி வைக்கட்டும் என்று ஹாலில் எல்லோரும் நின்றோம். நல்ல காரியத்தை எண்ணோடு தொடங்குவாரா? ஸ்கேனரில் இருந்த பொத்தான்களைத் தட்டி, சாமி பெயரோடு தொடங்கினார். அது வரியாகப் போய் உட்கார்ந்து, பெட்டியாகிக் கடல் தாண்டிவிட்டது.

“தொணைக்கு அனுப்புன ஆளு சரியான ஆளுதான் முதலாளி” என்றீர்கள். “பெட்டி இல்லாம அனுப்பிட்டிய. அதான் பையரு அங்க தேடுறான்.”

அறை முழுக்கச் சிரித்தது. முதலாளியும் சிரித்து முடித்து, குரலைத் தாழ்த்தினார். “அழிச்சுப் போடலாமுங்க. ஆனா யாரு அழிக்கறது?” என்னைப் பார்த்தார். நான் ஏ.சி.யைப் பார்த்தேன். மறுபடி உங்களிடம் வந்தார். “நீங்க சர்ச்சுக்குப் போறவரு. உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க.”

“எனக்கு ஒண்ணும் ஆவாது. கப்பல் லேட்டானா எம்மேலதான எழுதுவிய? அழிக்க வேண்டாம், குடி மாத்திருவோம்.”

புதிதாக ஒரு ஃபைல் திறந்து, அந்த வரியை மட்டும் அதில் குடியேற்றினீர்கள். ஃபைலுக்குக் கோயில் என்று பெயர் வைத்தீர்கள். மிச்சத்தை பையருக்கு அனுப்பினோம். டீ வருவதற்கு முன் பதில் வந்தது: சரி. செல்வி ஹாலுக்கு ஓடிப்போய் என்ன சொன்னாளோ, எழுந்த கூச்சலில் டிரைவர் தனக்குத்தான் உத்தரவு என்று வண்டியைக் கிளப்பிவிட்டான். அது சரியான உத்தரவாகவும் இருந்தது. சாயங்கால பஸ்ஸில் எல்லோரும் போனார்கள். உங்களுக்கு அன்று எந்த ஊருக்கும் டிக்கெட் இல்லை. நீங்கள் கிறிஸ்துமஸுக்குப் போகிறவர். அதை அன்று யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மானிட்டருக்குப் பொட்டு வைத்து அந்தக் கோயிலைத் திறப்பார்கள். சூடம் காட்டி முடித்ததும் நீங்கள் க்யூ எழுத்தைத் தட்டி மூடுவீர்கள். “நட சாத்தியாச்சு, போயி வேலையப் பாருங்க வே.” ஒரு வரி கொண்ட ஃபைலுக்கு அத்தனை பக்தர்கள் இருந்தது நம் ஊரில்தான்.

உங்களை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். இவர்கள் யாரென்று உங்கள் வீட்டார் கேட்டார்கள். “பேக்கிங் செக்ஷன்” என்றாள் செல்வி. அதற்கு மேல் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

இப்போது முதலாளியின் மகன் கம்பெனியைப் பார்க்கிறார். காகிதங்களில் கையெழுத்துப் போடுவது இன்னும் நான்தான். இந்த வருஷம் ஒரு பெரிய பையரின் ஒப்பந்தம் வந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டி, “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணா, அவங்க லைன்ல காத்திருக்காங்க” என்றார். முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். ஒரு பக்கம். நிறுத்தம். அடுத்த பக்கம். அவர் பொறுமை போய், குரல் ஏறியது. என் விரல் வேகம் கூட்டவில்லை. அதில் எனக்கே ஆச்சரியம். நடுவில் எங்கோ ஒரு வரி, மற்ற வரிகளைப் போலவே சாதுவாக நின்றது: பண்டிகை வாரங்களிலும் பேக்கிங் நிற்கக் கூடாது.

அதை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பையர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அவர்களும் அதை வாசித்திருக்கவில்லை போலிருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். தெற்கே போகிற வண்டிகள் ஒவ்வொன்றாக, நிற்கக்கூட இடமில்லாமல், நம் ஆட்களோடு கிளம்பிப் போயின.