மூன்றாவது ரிங்கில்தான் எடுக்க வேண்டும்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று முப்பத்தெட்டுக் கைகள். நான்கு பேருக்கு நரம்பே அகப்படவில்லை. ஒரு ஆள் ஊசியைப் பார்த்ததும் என் மேலேயே சாய்ந்துவிட்டார். ரத்தம் எடுக்கிற வேலையில் ஒன்பது வருடம் ஆகிறது. இன்றுவரை மயங்குவதெல்லாம் மீசை வைத்தவர்கள்தான்.

ஐந்து பத்துக்கு வழக்கம்போல இரண்டு ரிங். அந்த நேரத்தில் என் கையில் கையுறை, எதிரே யாராவது ஒருவரின் முழங்கை. போனைத் தொட முடியாது. அதனால் என் மகள் வாலுவுக்கு நான் போட்ட சட்டம்: டியூஷன் முடிந்ததும் டீச்சர் போனிலிருந்து இரண்டு ரிங் கொடு, கட் பண்ணு, ஒரு வார்த்தை பேசக்கூடாது, அம்மா வந்துவிடுவேன். எட்டு வயதில் வேறு எந்தச் சட்டத்தையும் மதிக்காதவள் இதை மட்டும் பிசகாமல் செய்கிறாள். கையுறையைக் கழற்றிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் என் வெள்ளைக் கோட்டில் ஒரு பையைக் காணோம். பொம்மைக்குப் போர்வையாம். "உனக்குத்தான் இன்னொரு பை இருக்கேம்மா" என்கிறாள். இவளோடு மாரடிக்க முடியவில்லை. மாடியில் குடியிருந்த அக்கா போன வருடம் காலி செய்ததிலிருந்து பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. வாலு அவளை "மாடியம்மா" என்று கூப்பிட்டது போய் வெறும் "அம்மா" ஆனதும் நான் போட்ட சண்டையில்தான் போனாள். எனக்கொன்றும் வருத்தமில்லை. ஒரே ஒரு நாள் இந்தப் பிள்ளை இல்லாமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இரண்டு ரிங் வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

எழுதினால் தலை நிற்கும் என்று எழுதுகிறேன்.

நேற்று ஐந்தரை வரை பார்த்துவிட்டு டியூஷனுக்குப் போனேன். டீச்சர் உள்ளே இருந்திருக்கிறார். பிள்ளைகள் சொன்னது இவ்வளவுதான்: "கேட்டுல யாரோ கூப்பிட்டாங்க ஆன்ட்டி, அவ சிரிச்சிக்கிட்டே ஓடினா." சிரித்துக்கொண்டே ஓடினாள். யாரிடம்?

இப்போது வீடு போலீஸுடையது. முன்னறை அவர்களுக்கு. வாலுவின் அறைக்கு ஒட்டுக்காகிதம் ஒட்டி முத்திரை. வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள், ஆணியில் தொங்கிய சாவியோடு. என் போன் முன்னறை மேசையில், ஒரு கருப்புப் பெட்டியோடு ஒயர் மாட்டி உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் காவலாகக் காதில் ஹெட்போனோடு ஒரு இளைஞர். காணவில்லை போஸ்டரில் என் நம்பரைப் போட்டிருப்பதால் ஊரே கூப்பிடுகிறது. நான் எடுக்கப் போனேன், கையைப் பிடித்துவிட்டார். "மூணாவது ரிங்குலதான் எடுக்கணும்மா. அப்பத்தான் பதிவாகும். நாங்களே எடுப்போம்."

இன்ஸ்பெக்டர் பேசும்போது மேசையில் பென்சிலைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். யார்மேல் சந்தேகம் என்று கேட்டார். மாடியக்காவைச் சொன்னேன். அவள் நம்பரைக் கோபத்தில் அழித்துவிட்டேன் என்றும் சொன்னேன். வீட்டு ஓனரிடம் பழைய நம்பர் இருந்தது, அது உபயோகத்தில் இல்லை. "பார்க்கறோம்" என்றார். அந்தத் தொனி எனக்குத் தெரியும். ரிசல்ட் எப்போது வரும் என்று கேட்பவர்களிடம் நானும் அப்படித்தான் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். நாற்பது மாடி லிஃப்டில் தொங்கிக்கொண்டு ரிப்பேர் பார்க்கிற மனுஷன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 15, சனி

டைரியை எடுத்துப் போய்விட்டார்கள். பாலிதீன் உறையில் போட்டு, எண் ஒட்டி. கைப்பையில் கிடந்த ரத்தப் பரிசோதனைப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இதையும் பிடுங்கினால் சுவரில் எழுதுவேன்.

என் வீட்டில் குளியலறைக்குப் போக நான் கேட்டுக்கொண்டு போக வேண்டும். கூடவே ஒரு பெண் போலீஸ், கையில் சின்ன நோட்டு. நான் அழுதால் எழுதுகிறாள். அழாவிட்டாலும் எழுதுகிறாள். காய்ந்த துணியை மடிக்கலாமா என்று கேட்டேன், கூடாதாம். கொடியில் வாலுவின் சாக்ஸ் ஒன்று. ஒன்றுதான். இன்னொன்று எங்கே என்று யோசித்தே ஒரு மணி நேரம் போயிற்று.

அவரும் நானும் தனியாகப் பேசக்கூடாதாம். பேச மட்டும் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 16, ஞாயிறு

நாள் முழுக்க போன் அடிக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதில்லை. "என்ன சொன்னாங்க?" என்றால், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" எனக்கு எதற்கா? பெற்றவள் நானா இவர்களா?

சாயங்காலம் ஒரு கூத்து. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள், எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்கதவில் நிற்கிறேன். கை ஆணியைத் துழாவுகிறது. பெண் போலீஸ் ஓடி வந்தாள். "எங்கம்மா கிளம்பிட்டீங்க?" எனக்கே தெரியவில்லை, உனக்கு என்ன சொல்ல? தெரியல என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

பைத்தியம் பிடிக்கிறதா?

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் பென்சில் இன்ஸ்பெக்டர் என்னை என் படுக்கையறையிலேயே உட்கார வைத்து விசாரித்தார். என் கட்டில், என் நாற்காலி, நான் குற்றவாளி.

டைரியைத் திறந்து வாசித்தார். "ஒரே ஒரு நாள் இந்தப் பிள்ளை இல்லாமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன்." எழுதிய இரண்டாம் நாள் பிள்ளையைக் காணோம். "இதுக்கு என்ன அர்த்தம்?"

அர்த்தமா? உங்கள் வீட்டில் பிள்ளை இல்லையா சார்? கோட்டுப் பையை வெட்டினாள் சார், எரிச்சலில் எழுதினேன் சார். சொன்னேன். எல்லாம் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

"சரி. நேத்து அஞ்சு பத்துக்கு யாரைப் பார்க்கக் கிளம்பினீங்க?"

தெரியாது சார்.

"தெரியாமயே செருப்பு மாட்டினீங்களா?"

அவர் பென்சிலை நோட்டில் வைத்துக் கோடு இழுத்த சத்தம் கேட்டது.

மத்தியானம் தண்ணீர் எடுக்க வந்த சாக்கில் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். மூன்று நாளில் முதல் வார்த்தை. "நீ ஏன் அப்படி எழுதின?" அதை மட்டும்தான் கேட்டார். நீங்களுமா? பன்னிரண்டு வருடக் குடித்தனம், அவர் கண்ணில் ஒரு நொடி நான் பெற்ற பிள்ளையையே தொலைக்கிற பொம்பளை. பார்த்துவிட்டேன். இனி பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

சாயங்காலம் மறுபடியும் எழுந்து நின்றேன். இந்த முறை பெண் போலீஸ் பார்ப்பதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஒழுங்காக எழுதுகிறேன், இரு.

சாயங்காலம் ஸ்டூலில் இருந்தேன். குனிந்து பார்த்தால் என் வலது கை விரல்கள் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுக்கின்றன. தோலைக் கிள்ளி இழுக்கின்றன. என்ன செய்கிறேன் என்று பார்த்தேன். கையுறையைக் கழற்றுகிறேன். கையில் கையுறையே இல்லை, நான் கழற்றுகிறேன்.

கடிகாரம் ஐந்து பன்னிரண்டு.

அப்போதுதான் உறைத்தது, இப்போதுதான் போன் அடித்து நின்றது. இரண்டு தடவை.

பெண் போலீஸைத் தள்ளிவிட்டு முன்னறைக்குள் ஓடினேன். "இப்ப யாரு? இப்ப அடிச்சது யாரு?" ஹெட்போன் இளைஞர் பயந்து எழுந்துவிட்டார். "அது கட்டாயிடுச்சும்மா. எடுக்கறதுக்குள்ள கட்டாகறதெல்லாம் நாங்க எழுதறதில்ல. ஒரு நாளைக்கு அம்பது அறுவது வருது, சும்மா விளையாடறவங்க."

"போனைக் காட்டு."

"அம்மா, அதைத் தொடக்கூடாது."

"தொடலடா! நீயே எடுத்துக் காட்டு!"

போலீஸ்காரரை டா போட்டேன். அவர் காட்டினார். தவறிய அழைப்புகள் வரிசை வரிசையாக. விரலால் தள்ளச் சொன்னேன். இன்று ஐந்து பன்னிரண்டு. நேற்று ஐந்து பத்து. ஞாயிறு ஐந்து பத்து. சனி ஐந்து எட்டு. ஒரே நம்பர். நான்கு நாள்.

நான்கு நாளாக என் பிள்ளை என்னைக் கூப்பிட்டிருக்கிறது. டியூஷன் முடிஞ்சிடுச்சு அம்மா, வா. நான் போட்ட சட்டப்படி பேசாமல், மூன்றாவது ரிங் வருவதற்குள் கட் பண்ணி. இவர்கள் போட்ட சட்டப்படி மூன்றாவது ரிங்குக்காக இவர்கள் காத்திருக்க. இரண்டு சட்டமும் சேர்ந்து...

பென்சில் வந்தார். "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" கேட்டார் பாருங்கள்! "சொன்னேனே சார். நீங்க கொண்டுபோன நோட்டுல முதல் பக்கத்துல இருக்கு. என்னை மாட்டறதுக்கு ஒரு வரி எடுத்தீங்களே, அதே பக்கம். ஒரு பத்தி மேல படிச்சிருக்கலாமே?"

முதல் தடவையாகப் பென்சில் தட்டவில்லை.

திருப்பிக் கூப்பிடுகிறேன் என்றேன், விடவில்லை. அந்தப் பக்கம் யார் கையில் போன் இருக்கிறதோ, உஷாராகிவிடுவார்களாம். அது சரிதான். சரி என்பதால் ஆத்திரம் குறையவில்லை.

பிப்ரவரி 19, புதன்

நம்பர் மாடியக்காவுடையது. புதிய நம்பர், மூன்று மணி நேரப் பயணத்தில் ஒரு சின்ன ஊர். நானும் வருகிறேன் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "நீங்க வீட்டிலயே இருங்க." ஆறு நாளாக அதைத்தானே செய்கிறேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஜீப். உள்ளேயிருந்து வாலு இறங்கினாள்.

புதுச்சட்டை, இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. ஒரு கீறல் இல்லை. அதற்கு நன்றி சொல்வதா, அந்தச் சடையை வெட்டி எறிவதா என்று தெரியாமல் கட்டிக்கொண்டேன். அம்மா ரெண்டு நாள் அங்கே இருக்கச் சொன்னாள் என்று சொல்லியிருக்கிறாள் அந்தக் கடங்காரி. தினமும் சாயங்காலம் அவள் கொல்லைப்பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் இது போனை எடுத்திருக்கிறது.

வாலு அழவில்லை. கோபமாக இருந்தாள். என் கழுத்தை விடாமலே கேட்டாள்.

"தினமும் ரெண்டு ரிங் குடுத்தேனே. நீ ஏன் வரல?"

முன்னறையில் ஆறு பேர் நின்றார்கள். ஹெட்போன் இளைஞர் ஒயரைச் சுருட்டுவதிலேயே மும்முரமாக இருந்தார்.

"வண்டிச் சாவியை வாங்கி வச்சுக்கிட்டாங்கடி" என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

தூங்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

கதவு, அலமாரி, சுவிட்ச் எங்கும் கைரேகைப் பொடி. துடைக்கத் துடைக்க விரலில் ஒட்டுகிறது. போலீஸ் வந்தபோது இருந்த சுறுசுறுப்பு போகும்போது ஒருவருக்கும் இல்லை. துடைப்பம் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரும் வந்தார். வாலுவின் அறை ஒட்டுக்காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். ஆமாம் என்றேன். மிச்சக் காகிதத்தை இரண்டு பேருமாகச் சுரண்டினோம்.

மாடியக்காவைக் காவலில் வைத்திருக்கிறார்கள். அவளை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவள் கேட்டில் கூப்பிட்டதும் வாலு சிரித்துக்கொண்டே ஓடியிருக்கிறாள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

காலையில் பென்சிலே நேரில் வந்து டைரியையும் வண்டிச் சாவியையும் கொடுத்தார். கையெழுத்து வாங்கினார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். "பொண்ணு நல்லா இருக்காளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் எட்டிப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். டைரியில் அந்த வரிக்குக் கீழே அழுத்தமாக இரண்டு கோடு. இரண்டு ரிங்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன், அழிக்கவில்லை.

படிவங்களை இதனுள் ஒட்டிவிட்டேன். இன்றிலிருந்து மறுபடியும் இதில்தான்.

இன்று நானும் வேலைக்கு, அவளும் டியூஷனுக்கு, எல்லாம் நடந்த பிறகு முதல் நாள். பழைய சட்டம் செல்லாது என்று நூறு தடவை சொன்னேன். கட் பண்ணாதே, பேசு, அம்மா யார் கையைப் பிடித்திருந்தாலும் எடுப்பேன். தலையைத் தலையை ஆட்டினாள்.

ஐந்து ஒன்பதுக்கு அடித்தது. அப்போதுதான் ஒரு அம்மாளின் கையில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லியிருந்தேன். ஒன்று. இரண்டு. இங்கேதான் நிற்கும் என்று என் உடம்பு எழுந்துவிட்டது. நிற்கவில்லை. மூன்று. நான்கு. கையுறையோடே எடுத்தேன். அந்த அம்மாள் முறைத்தார், முறைக்கட்டும்.

அந்தப் பக்கம் வாலு, மெதுவாக,

"அம்மா, சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்குடி" என்றேன்.