வாசலில் தொங்கிய மஞ்சள் துணி

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தோமொயோவின் கடிதம் வந்தது. விவாகரத்தாகி ஆறு வருடமாகியும் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரிதான் எழுதுகிறாள். நவம்பர் விடுமுறைக்கு மகள் மிட்சுகியை மூன்று நாள் என்னிடம் அனுப்பச் சம்மதமாம். ஆனால் மூன்று நிபந்தனை: அவசரப் பை, குடிதண்ணீர், புத்தக அலமாரிகள் விழாதபடி முட்டுக் கொடுப்பது. மூன்றும் முடிந்ததும் தகவல் சொல்ல வேண்டும். "நீங்க இருக்கறது கடலோரம். தயாரா இல்லாத வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன்." என் பொண்ணு. நான் யார், தபால்காரனா?

பதினான்கு வயதாகிறது மிட்சுகிக்கு. கடைசியாக அவள் இந்த வீட்டில் தூங்கியபோது பத்து.

உறைக்குள் ஒரு கையேடும் வைத்திருக்கிறாள். 'வீட்டு அவசரப் பை: எளிய வழிகாட்டி.' அட்டையில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டுகிறான் தொகானோ. என்னோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்த அதே தொகானோ. "படிச்சிட்டுத் தர்றேன்" என்று என் அறிக்கையை வாங்கிக்கொண்டு போனவன். மறு வருடம் அது அவன் பெயரில் அச்சாகி வந்தது. அவன் பேராசிரியரானான், தொலைக்காட்சியில் வருகிறான். நான் இந்தத் துறைமுக ஊரில், தேர்வில் தவறிய பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன்.

பேரிடர் சமயத்தில் மக்கள் எப்படித் தப்புகிறார்கள் என்று வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதியவன் நான். எனக்கு அவன் பை கட்டச் சொல்லித் தருகிறான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வருடாந்திரப் பயிற்சி. சைரன் ஊதினார்கள். எல்லோரும் மேசைக்கடியில் புகுந்து வெளியே வந்து, வாசலில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு, கோயில் படிக்கட்டில் ஏறினோம். நிலநடுக்கம் நின்றதும் வீட்டில் எல்லோரும் பத்திரமாக இருந்தால் மஞ்சள் துணி கட்ட வேண்டும். துணி இல்லாத வீட்டுக்குள் மட்டும் தொண்டர்கள் நுழைந்து தேடுவார்கள். நேரம் மிச்சம், உயிர் மிச்சம். கையேட்டில் பன்னிரண்டாம் பக்கம்.

அது என் யோசனை. என் அறிக்கையின் நான்காம் அத்தியாயம்.

எங்கள் தெருவுக்குப் பொறுப்பு ஒகபயாஷி கிழவி. எழுபத்தொரு வயது, கருவாடு விற்கிறாள், கழுத்தில் ஒலிபெருக்கி. பென்சிலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு வீடாகச் சரிபார்த்தாள். என் வாசலில் நின்று, "வாத்தியாரே, துணியைக் கம்பி போட்டு முறுக்கியிருக்கீங்களே, காத்துல பறந்துடாது," என்றாள். பாராட்டாம்.

துணியை அவிழ்க்கவில்லை. இருக்கட்டும். இந்த வீட்டில் எல்லாம் நலம், யாரும் கதவைத் தட்ட வேண்டாம் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு தொங்கட்டும். அது என்னுடையது, நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் கட்டி வைத்திருப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கிழவி கருவாட்டு வண்டியை என் வாசலில் நிறுத்தினாள்.

"என்ன வாத்தியாரே, உங்க வீட்ல மட்டும் தனியா பூகம்பம் வந்துச்சா? ரெண்டு வாரமா துணி தொங்குது."

"நான் நல்லாத்தான் இருக்கேன், அதைத்தானே அது சொல்லுது," என்றேன்.

"உங்க மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். இவளிடம்தான் என் அத்தியாயத்தைச் செயல்படுத்தக் கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 27, சனி

கடையில் இதற்கென்றே தனி வரிசை. பத்து வருடம் கெடாத சோறு, சர்க்கரைக் கட்டி போட்ட ரொட்டித் தகர டப்பா, கழிவை உறைய வைக்கும் பொடி, கையால் சுற்றும் ரேடியோ. மனிதர்கள் கூடையோடு திருவிழாவுக்கு வந்த மாதிரி அலைகிறார்கள். ஒருவன் தன் மனைவியிடம், "குழம்புல காரம் கம்மியானது எடு, பூகம்பத்துல வயித்தைக் கெடுத்துக்க வேணாம்," என்றான். இந்த நாட்டை எது அழிக்கும் என்று எனக்குத் தெரியும். பூகம்பம் அல்ல.

பை, தண்ணீர், டப்பாக்கள் எல்லாம் வாங்கினேன். அலமாரிக்கும் கூரைக்கும் நடுவில் நிறுத்தும் முட்டுக் கம்பிகளும் நான்கு. வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டியின் மேல் தொகானோவின் முகம். 'நிபுணர் பரிந்துரை.' பெட்டியைப் பிரிக்காமல் படிப்பறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பையையும் தண்ணீரையும் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் தோமொயோ: "அலமாரி?"

"ஆயிற்று," என்று எழுதினேன்.

ஆகிவிடும். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்த அலமாரிகள் இருபது வருடமாக நிற்கின்றன. எந்த நிலத்தில் எது எப்படி ஆடும் என்று அவள் எனக்கா சொல்லித் தர வேண்டும்?

நவம்பர் 1, சனி

மிட்சுகி வந்தாள். ரயில் நிலையத்தில் அடையாளம் தெரியவில்லை, என் உயரம். வீட்டு வாசலுக்கு வந்ததும் முதல் கேள்வி: "அப்பா, ஏன் வாசல்ல மஞ்சள் துணி? நேத்து இங்க ஏதாச்சும் ஆச்சா?"

"உங்கப்பா நல்லா இருக்கான்னு அர்த்தம்."

"யாருக்குச் சொல்றீங்க?"

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

சாப்பிட்டதும் அவசரப் பையைக் கொட்டிப் பார்த்தாள். தோமொயோவின் மகள்தான். "ஒரு போர்வை. ஒரு டூத் பிரஷ். ஒரே ஒரு தட்டு. இதுல எனக்குன்னு என்ன இருக்கு?"

நான் ஒருவனுக்குத்தான் கட்டியிருக்கிறேன். அது வரைக்கும் கவனிக்கவே இல்லை. அவளே தன் பழைய மூக்குக்கண்ணாடி, நாப்கின், பாதி தின்ற சாக்லேட் எல்லாவற்றையும் உள்ளே திணித்தாள். "இப்ப ரெண்டு பேர் பை," என்றாள். பிறகு தப்பும் இடம் பற்றி என்னையே கேள்வி கேட்டாள்: தனித்தனியாக மாட்டிக்கொண்டால் யாரும் யாரையும் தேடிக்கொண்டு வீட்டுக்கு வரக்கூடாது, நேராகக் கோயில் மேடு. "சரியா சொன்னேனா, வாத்தியாரே?" கிழவி கூப்பிடுவதை எப்போது கேட்டாளோ.

வேறு அறை இல்லை. படிப்பறையில், இரண்டு அலமாரிகளுக்கு நடுவே படுக்கை விரித்தேன்.

கம்பிகள் கதவுக்குப் பின்னால்தான் இருந்தன. பார்த்தேன். நாளைக்கு என்று நினைத்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

மிட்சுகி உயிரோடு இருக்கிறாள். வேறு எதையும் எழுத முடியவில்லை.

நவம்பர் 3, திங்கள்

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் இதையும் எனக்குச் சாதகமாகத் திருத்திவிடுவேன்.

நேற்றுக் காலை ஒன்பதே முக்கால். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப மனமில்லை. மதியத்துக்குச் சூரை மீன் வாங்கத் துறைமுகம் போயிருந்தேன். தரை தூக்கிப் போட்டது. மீன் பெட்டிகள் சரிந்தன. நின்றதும் சைரன்: சுனாமி எச்சரிக்கை, மேட்டுக்குப் போங்கள். நான் மேட்டுக்குப் போனேன். ஓடக்கூட இல்லை. அவளுக்கு விதி தெரியும், முந்தின நாள்தான் ஒப்பித்தாள், எனக்கு முன்னாலேயே வந்திருப்பாள். படியேறும்போது மூச்சு வாங்கியவர்களைப் பார்த்து மனதுக்குள் சிரித்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மேலே அவள் இல்லை.

பெயர் கூப்பிட்டு எண்ணினார்கள். இல்லை. எங்கள் தெருவைப் பார்த்துவிட்டு வந்த தொண்டனைப் பிடித்தேன், டயர் கடை வைத்திருப்பவன். "என் வீடு? என் வீட்டைப் பாத்தியா?"

"உங்க வீட்ல மஞ்சள் துணி தொங்குது சார். எல்லாரும் பத்திரம்னு தாண்டி வந்துட்டோம்."

என் துணி. என் அத்தியாயம்.

கீழே இறங்கப் பார்த்தேன். மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். "விடுங்கடா, எம் பொண்ணு உள்ள இருக்கா, அந்தத் துணி பொய்யி, அது சும்மா கட்டினது, ஆகஸ்ட்லேருந்து தொங்குது, அவிழ்க்கலை நான்" — இப்படித்தான் கத்தினேன். ஊரே கேட்டது. எத்தனை பேர் வீட்டுக்குள் நான் நுழைந்து கேள்வி கேட்டிருப்பேன், உங்கள் தவறு எது, எப்போது உணர்ந்தீர்கள் என்று. ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இருபது நிமிடம் என்றார்கள். கோயிலுக்குப் பின்னால் வளைந்து ஏறும் வண்டிப் பாதையில் கருவாட்டு வண்டி வந்தது. ஒகபயாஷி தள்ள, மேலே கருவாட்டுச் சாக்குகளின் மேல் மிட்சுகி, வலது பாதம் துண்டால் சுற்றியபடி. பாதி வழிக்குமேல் நாலு பேர் ஓடிப்போய் வண்டியை வாங்கிக்கொண்டார்கள்.

மிட்சுகி அழவில்லை. "நான் கத்தினேன்ப்பா. வாசல்ல ரெண்டு பேர் பேசினது கேட்டுச்சு. 'இது மஞ்சள், அடுத்த வீட்டுக்குப் போ'ன்னாங்க. சைரன் சத்தத்துல நான் கத்தினது அவங்களுக்குக் கேக்கலை."

ஒகபயாஷி படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் எதையோ கேட்டேன். எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும்.

"ரெண்டு மாசமா பொய் சொல்ற துணி. இன்னிக்கு மட்டும் உண்மை சொல்லும்னு நம்ப நான் என்ன இந்தத் தெருவுக்குப் புதுசா?" என்றாள். பிறகு, "அலமாரி எதிர் அலமாரி மேல சாஞ்சு நின்னுச்சு, அதான் பொழைச்சா. கால்தான் மாட்டிக்கிச்சு. கதவுக்குப் பின்னாடி புதுக் கம்பி இருந்துச்சே, பெட்டிகூடப் பிரிக்காம, அதை வெச்சுத்தான் நெம்பினேன். ஒண்ணு வளைஞ்சு போச்சு வாத்தியாரே. கோவிச்சுக்காதீங்க."

துறைமுகத்துக்கு வந்த அலை முழங்கால் உயரம்கூட இல்லை. அது முன்கூட்டியே ஒகபயாஷிக்குத் தெரியாது. சைரன் ஊதிக்கொண்டிருக்கும்போது எழுபத்தொரு வயதில் என் வீட்டுக்குள் நுழைந்தாள்.

பாதத்தில் இரண்டு எலும்பு முறிவு.

நவம்பர் 9, ஞாயிறு

மருத்துவமனைக்கு தோமொயோ வந்தாள், மிட்சுகியை அழைத்துப்போக. கத்துவாள் என்று பதில்களோடு தயாராக இருந்தேன். ஆறு வருடமாகச் சேர்த்த பதில்கள்.

"அலமாரி ஆயிற்றுன்னு எழுதினீங்களே," என்றாள். அவ்வளவுதான்.

"ஆகலை. பொய் சொன்னேன்."

மிட்சுகியின் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனேன்.

நவம்பர் 24, திங்கள்

அலமாரியிலிருந்து சரிந்த பெட்டிகளை அடுக்கும்போது என் அறிக்கையின் நகல் கிடைத்தது. பதினெட்டு வருடமாகத் திறக்காமலே என் சாட்சியாக வைத்திருந்தேன். நான்காம் அத்தியாயத்தையும் தொகானோவின் பன்னிரண்டாம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவன் திருடன் என்று இன்னொரு முறை நிரூபிக்கத்தான், வேறு எதற்கு.

பதினோரு வரி. பத்து வரி என்னுடையது, காற்புள்ளிகூட மாறாமல். கடைசி வரி மட்டும்: 'பயிற்சி முடிந்த அன்றே துணியை அவிழ்த்துவிடுங்கள். எப்போதும் தொங்கும் துணியால் யாருக்கும் எதுவும் தெரியாது.'

என் நகலில் அது எங்கேயும் இல்லை. மூன்று முறை தேடினேன். அடிக்குறிப்புகளிலும்.

அந்த மடையன் எழுதியிருக்கிறான். எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

வளைந்த கம்பிக்குப் பதில் ஒன்று வாங்கி நான்கையும் நிறுத்தினேன். படம் எடுத்து தோமொயோவுக்கு அனுப்பினேன். கம்பிகளில் தொகானோவின் முகம் ஒட்டியபடியே இருக்கிறது. உரித்தால் பசை கறையாக நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தோமொயோ பதில் எழுதவில்லை. மாலையில் மிட்சுகி எழுதினாள்: "அம்மா படத்தைப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பாத்துட்டு இருக்காங்க. 27ஆம் தேதிக்குக் கேட்டுப் பாக்கறேன். எனக்குத் தனிப் பை வாங்குங்க. ஊன்றுகோல் உள்ளே போற மாதிரி."

வாங்கினேன். வாசலில் இப்போது இரண்டு பைகள். மஞ்சள் துணியைத் துவைத்து மடித்து சிறிய பையின் மேலறையில் வைத்தேன்.

துணி தொங்கிய வாசல் கம்பத்தில் எதுவும் இல்லை. தெருவில் போகிறவர்களுக்கு என் வீட்டைப் பற்றி இனிமேல் தானாகத் தெரியாது, தட்டித்தான் கேட்க வேண்டும். ஒகபயாஷி அம்மாள் இன்று இரண்டு முறை தட்டினார். முதல் முறை கருவாடு கொடுக்க. இரண்டாம் முறை எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன்.